பேனாக் கோடு

எந்த ஊர் என்று கேட்டால்
ஓ.டி.யிலிருந்து என்பாள் அஞ்சலாட்சி.
தியேட்டரைச் சொல்கிறாளா, துறைமுகத்தையா?
கடலூரில் இரண்டுக்கும் ஒரே பேர்.
அவள் இரண்டிலிருந்தும்தான் வந்திருக்கிறாள்.

கர்ப்பப்பை எடுத்து மூன்றாம் இரவு.
மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி, பெண்கள் வார்டு,
மணி இரண்டு பத்து.

"கெண்டக்கால்ல குரக்களி சிஸ்டர்,
நண்டு கவ்வுனாப்ல."

போர்வையை இரண்டு கால்களிலிருந்தும் விலக்குகிறேன்.
ஒற்றைக் காலைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.
கால் என்பது
இன்னொரு காலோடு வைத்துப் படிக்க வேண்டியது.

புறங்கையால் தொடுகிறேன்.
உள்ளங்கை பொய் சொல்லும்,
கழுவிக் கழுவி மரத்தது அது.
வலது கால், ஈரத்துணியின் குளிர்ச்சி.
இடது, இறக்கி வைத்துச் சற்று நேரமான சட்டி.
தோல் மினுங்குகிறது, லேசான சிவப்பு.
பாதத்தின் மேல் நாடி இருக்கிறது.
இருப்பது தெரிந்த பிறகும்
விரலை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் எண்ணுகிறேன்.

தங்கச்சி நாகவல்லி அதற்குள்
உள்ளங்கை நிறையத் தேங்காயெண்ணெய் ஊற்றிக்கொண்டாள்.
மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன், கொஞ்சம் அழுத்தமாகவே.
"நீவாதீங்க."
"நீவுனாத்தான விட்டுப் போவும்?"
"விட்டுப் போனா எங்க போவும்னு நினைக்கிறீங்க?"
நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.
ஏந்திய எண்ணெயை எங்கே துடைப்பதென்று தெரியாமல்
அந்த நடுராத்திரியில்
தன் தலையிலேயே தேய்த்துக்கொண்டாள்.

டேப்பை அரசாங்கம் தராது.
திருப்பாப்புலியூரில் தையல் சாமான் கடையில்
பதினைந்து ரூபாய்க்கு நானே வாங்கியது.
முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்த இடம்,
அங்கிருந்து பத்து செண்டி இறங்கி ஒரு சுற்று.
வலது முப்பத்திமூன்று.
இடது முப்பத்தாறரை.
தலையைத் தூக்கிப் பார்த்தாள் அஞ்சலாட்சி,
இருபது வருஷம் மீன் எடை போட்டவள்.
"இன்னொருக்கா புடி. முள்ளு நிக்கட்டும்."
இன்னொரு முறை.
முப்பத்தாறரை.
"மூணரை கூடுதலா? யாருக்கு லாபம் இது?"

சுற்றிய இடத்தில் இரண்டு கால்களிலும்
பேனாவால் சின்னதாய் ஒரு கோடு போட்டேன்.
காலையில் ரெஜினா அளந்தாலும்
இதே இடத்தில் அளக்க வேண்டும்.

போன ஐப்பசியில் பதினோராம் கட்டில்.
கெண்டைக்கால் வலி என்றாள் அவளும்.
வலி, மாத்திரை கொடுக்கப்பட்டது
என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது.
விடிகிற நேரம் கழிவறைக்கென்று எழுந்து
நாலு அடி நடந்தாள்.
அப்போது என் பையில் டேப் கிடையாது.

போனில் டாக்டர் இர்ஷாத், தூக்கம் கலையாத குரல்.
"ஆபரேஷனுக்கப்புறம் வீக்கம் இருக்கும் சிஸ்டர்."
"ரெண்டு கால்லயும் இருக்கும் சார். இது ஒண்ணுல."
சந்தேகத்தைச் சொல்லவில்லை, எண்களைச் சொன்னேன்.
மூன்றரை செண்டி. மூச்சு இருபது.
ஆக்சிஜன் தொண்ணூற்றேழு.
இருமல் இல்லை, நெஞ்சு வலி இல்லை, இதுவரை.
அந்த "இதுவரை"க்குப் பின்
அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.
"வர்றேன்."

வயிற்றுத் தோலில் ஊசி.
காலையில் ஸ்கேன்.
அழுத்தினால் ஒட்டிக்கொள்ள வேண்டிய குழாய்
ஒட்டாமல் வாய் திறந்தே நின்றது திரையில்.
தொடைக்கு அருகே சாம்பலாய் ஓர் அடைப்பு.
"மொகத்துவாரத்துல மண்ணடிச்சாப்ல கீது," என்றாள்.
"நாங்கன்னா மிஷின் வெச்சித் தோண்டிருவம்."
இதைத் தோண்ட வேண்டாம்,
வளரவிடாமல் காவல் இருந்தால் போதும்,
உடம்பு மெல்லக் கரைத்துக்கொள்ளும் என்றேன்.
மெல்ல என்றால் எத்தனை நாள் என்று கேட்டாள்.
மாதம் என்று சொல்லாமல் ஊசியைச் சரிபார்த்தேன்.

நான்காம் இரவு.
கோடு வியர்வையில் பாதி அழிந்திருந்தது.
மேலேயே திரும்ப வரைந்து
டேப்பைச் சுற்றினேன்.
"முப்பத்தாறு."
"அரைதானா கொறஞ்சிது?" என்றாள் நாகவல்லி.
அஞ்சலாட்சி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:
"அரைன்னா அரைதாண்டி.
எழுதிக்க சிஸ்டர்."